ஒன்பதாம் இணைப்பு

புதிதாக வந்திருந்த குரல்செய்திக்கு அழைத்தவர் எண் இல்லை. 'இணைப்பு 9' என்று மட்டும் திரையில் இருந்தது.

சுரங்கப்பாதைக்குள் இருந்த போன்தான் ஒன்பது. ஆறு நாட்களுக்கு முன் மலை சரிந்து பதினோரு பேரை உள்ளே வைத்து மூடியபோதே அதன் வயர் அறுந்துவிட்டது. அந்தப் பதினோரு பேரில் அவள் கணவனும் ஒருவன். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவள் போகவில்லை. சுரங்க வாசலில் இருந்த தகரக்கூரை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. உறவினர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லி மாளாததால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தானாகப் பதில் சொல்லும் வசதியை அவளே அமைத்திருந்தாள். "மீட்பு நிலவரத்துக்கு ஒன்றை அழுத்தவும். செய்தி சொல்ல இரண்டை அழுத்தவும்." நான்கு முறை பாதியில் நிறுத்தி, ஐந்தாவது முறைதான் அழாமல் பதிவு செய்ய முடிந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே துளையிடும் இயந்திரத்தின் உறுமல் மங்கி, காதுக்குள் நீர் சொட்டும் ஓசையும், ஈரமண்ணில் எதையோ மெல்ல இழுத்துப் போவது போன்ற உரசலும், அதற்கு அடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூச்சும் கேட்டன.

"வாயாடி..."

அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

"தோண்ட வேணாம்னு சொல்லு. நாங்க மொத நாளே போயிட்டோம். எல்லாரும். உள்ளேருந்து தட்டுறது நாங்க இல்ல."

தான் எழுதிய அமைப்பிலிருந்து ஒன்பதாம் இணைப்புக்கான வரிகளை மொத்தமாக நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். திரையில் முதல் வரியே: இணைப்பு 9, புதிய செய்தி.

கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஜினியர் வந்தார். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் ஒரு மீட்டர்தாம்மா! விடாம தட்டிக்கிட்டே இருக்காங்க, நல்ல தெம்பா இருக்காங்க. ஏன் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? முக்கியமான மெசேஜ் ஏதாச்சும் வந்துதா?"

ஆறு நாட்களாக இந்த மனிதரின் காலைப் பிடித்துக் கெஞ்சியவள் அவள். வேகமாத் தோண்டுங்க சார், வேகமா. இப்போது எந்த வாயால் நிறுத்தச் சொல்வது? நிறுத்தினால் அவன் இல்லை என்றாகிவிடும். தோண்டினால்? யாராவது வருவார்கள். அவன் முகத்தோடு யாராவது.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "ராங் நம்பர்."

அவர் ஓடிவிட்டார். அவள் இரண்டு செய்திகளையும் அழித்தாள்.

மூன்றாவது வந்தது. அழித்தாள். நான்காவது. அழிக்க மனம் வரவில்லை. பதிவு இன்னும் முடியவில்லை, நீண்டுகொண்டே போனது.

வெளியே இயந்திரம் நின்றது.

ஆரவாரம். கைதட்டல். யாரோ உடைந்து அழுதார்கள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். உச்சி வெயில். துளையிலிருந்து ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். யாரும் தள்ளாடவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. மூன்றாவதாக அவள் கணவன்.

யாரும் வழி காட்டவில்லை. நேராக அலுவலகத்தை நோக்கி நடந்தான்.

ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். ஆறு நாள் இருட்டில் கிடந்த கண்கள். வெயிலில் கூசவில்லை. இமைக்கவும் இல்லை. கண்ணாடியில் விரலை வைத்து மெல்லத் தட்டினான்.

அவள் காதுக்குள், ஹெட்போனில், அவள் கணவன் அழுதுகொண்டிருந்தான். "திறக்காத... வாயாடி, திறக்காத..."