எடைக்கல்லின் எடை

அன்று காலை ஏற்காட்டு அளவறையில் இருந்தவர்கள்: ஆணைமொழி ஆணையத்தின் தலைவர் நல்லசிவம். சட்ட ஆலோசகர் ரெஹானா. அளவர் கிளாட்சன். சுவர்த்திரையில், ஒன்றோடொன்று போரில் இருக்கும் இரண்டு நாடுகளின் பிரதிநிதிகள். வாசலில் ஒரு காவலர்.

பதிவேட்டில் இந்தப் பெயர்களுக்குக் கீழே ‘கருவிகள்’ என்று ஒரு தலைப்பு. அதில் இரண்டே வரி. பற்றுமானி, ஒன்று. மூலப்படி, ஒன்று.

மூலப்படி என்பது மாடத்தி. வயது ஐம்பத்து நான்கு. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முத்தையாபுரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். ஏழு வருடத்தில் அவள் பெயர் ஒருநாள்கூட ‘வந்திருந்தவர்கள்’ பக்கம் ஏறியதில்லை. கடவுளுக்கு அழைப்பு போனதாகவும் குறிப்பு இல்லை.

“எங்கிட்ட ஒண்ணும் இல்லய்யா,” என்றாள் மாடத்தி. “தீந்து போச்சு. என்னைய ஊருக்கு அனுப்பிருங்க.”

“என்ன தீந்து போச்சு?” என்றார் நல்லசிவம்.

“சாமி.”

ரெஹானா தலையை நிமிர்த்தினாள். திரையில் இருந்த இருவரும் காதில் மொழிபெயர்ப்பு விழும்வரை சும்மா இருந்தார்கள். விழுந்ததும் இருவரும் ஒரே மாதிரி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்கள்.

நல்லசிவம் பயப்படவில்லை. “அதையும் அளந்து பாத்துடுவோம். கிளாட்சன், பட்டையைக் கட்டுங்க.”

பற்றுமானி பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. அது அதைவிட மோசமானது. ரேஷன் அட்டையில் ஒரு பெயரை வாசிக்கும்போது மூளையில் ஓரிடம் துடிக்கும். அதே பெயர்க்காரனைத் தெருவில் பார்த்துக் கூப்பிடும்போது வேறோர் இடம் துடிக்கும். ஒன்று சொல். மற்றது ஆள். கடவுள் என்று வாயைத் திறப்பவன் சொல்லைச் சொல்கிறானா, ஆளைக் கூப்பிடுகிறானா என்று பற்றுமானி எண்ணில் காட்டிவிடும்.

ஒரு கண்டத்தில் கடவுளின் பெயரால் அணையை உடைத்து, இன்னொரு கண்டத்தில் கடவுளின் பெயரால் வாக்குச்சாவடிகளை எரித்த பிறகு, நூற்று நாற்பது நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டன. பதவியில் இருப்பவர் பொதுவில் கடவுளைச் சொல்வதானால் அளந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். பதவியேற்பு, போர் அறிவிப்பு, இரங்கல் உரை, எதுவானாலும். அதைக் கண்காணிக்கத்தான் ஆணைமொழி ஆணையம். தேர்ச்சிக்கு எத்தனை என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் நம் பிரதிநிதி முப்பத்தைந்து என்றார். அவருக்குத் தெரிந்த தேர்ச்சி மதிப்பெண் அது ஒன்றுதான். எல்லோருக்கும் பசி. ஒத்துக்கொண்டார்கள்.

முப்பத்தைந்து என்றால் எதில் முப்பத்தைந்து? நூறு எது? கடைக்காரனின் எடைக்கல்லைச் சோதிக்க அரசாங்கத்திடம் ஓர் எடைக்கல் இருப்பதுபோல, இதற்கும் ஒரு கல், ஒரு மூலப்படி, வேண்டியிருந்தது. நாற்பதாயிரம் பேரை அளந்தார்கள். பெரிய பீடங்களில் இருந்தவர்கள் பலருக்கு அன்றைக்கென்று உடம்பு சரியில்லாமல் போனது. உப்பளத்துக்கு வந்த வண்டியில் மாடத்தியும் ஏறினாள். ஒரு நாள் கூலி தருவதாகச் சொன்னார்கள். முதலில் சும்மா கூப்பிடச் சொன்னார்கள்; எண் ஒன்பதாயிரத்தில் நின்றது. அவளிடம் மகள் வள்ளிக்கொடி லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டாள் என்று ஒரு பொய்யைச் சொன்னார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, “சாமி, எம்புள்ளய நீ பாத்துக்கோ,” என்றாள். எண் அசையவில்லை. பிறகு, பொய்தான், சோதனைக்காகச் சொன்னோம் என்றார்கள். சொன்னவனைக் கன்னத்தில் அறைந்தாள். அப்போதும் எண் அசையவில்லை. அதே ஒன்பதாயிரம் துடிப்பு.

அந்த ஒன்பதாயிரத்துக்கு நூறு என்று பெயர் வைத்தார்கள். உடன்படிக்கையில் எழுதியது வேறு மாதிரி: ‘மூலப்படியின் துடிப்பு எதுவோ, அதுவே நூறு.’ எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

முதல் வருடம் நூற்று நாற்பது நாட்டுத் தலைவர்களில் தேறியவர்கள் மூன்று பேர். கோயில் கோயிலாகப் படியேறிப் படம் எடுத்துக்கொண்டவர்களெல்லாம் பதவியேற்பில் ‘உளமார’ என்று சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள். உரையின் முடிவில் கடவுளின் ஆசியைக் கேட்டே பழகிய நாடுகளில் தலைவர்கள் ‘நன்றி’ என்பதோடு நிறுத்தினார்கள். உலகம் கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது.

மாடத்தியை இந்த மலையில் வைத்தார்கள். எடைக்கல்லில் தூசு படக்கூடாது. கோயில் இல்லை, செய்தி இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கமாக வருடத்தில் இரண்டு முறை மகள். ஆனால் ஒரு வேலை இருந்தது. தலைவர் பேசும்போது அவர் பேச்சு தமிழில் அவள் காதில் ஓடும். கடவுள் வரும் இடத்தில் அவளும் அதே நொடியில் “சாமி” என்று கூப்பிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அளவு துல்லியமாக வருமாம். குண்டு போடப் போகிறவனின் பேச்சுக்கு நடுவில் கூப்பிட்டாள். குண்டு விழுந்த ஊர்க்காரனின் பேச்சுக்கு நடுவிலும் கூப்பிட்டாள். ஊரை விட்டு ஆட்களைத் துரத்தும் சட்டத்துக்குக் கூப்பிட்டாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. யாருக்காகக் கூப்பிடுகிறோம் என்று தெரியாத மாதிரி நடிப்பதற்கே முதல் இரண்டு வருடம் போனது. அப்புறம் நடிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

கிளாட்சன் நெற்றிப்பட்டையை இறுக்கினான். “கூப்பிடுங்கக்கா.”

“சாமி,” என்றாள். கட்டைக் குரல்.

திரையில் எண் வந்தது. நூறு.

“பாத்தீங்களா,” என்றார் நல்லசிவம். “ஒரு புள்ளிகூடக் கொறையல. வீட்டு ஞாபகம் வந்திருக்கு உங்களுக்கு, அவ்வளவுதான்.”

“அய்யா, அளவுகோலே நான்தானய்யா. என்னைய என்னைய வச்சே அளந்தா நூறு வராம வேற என்ன வரும்? நான் செத்துக் கெடந்தாலும் நூறுதான்.”

“அப்படி இல்லம்மா, இதுல விஞ்ஞானம் இருக்கு.”

“பச்சை எண்ணையும் காட்டிரலாமா சார்?” என்றான் கிளாட்சன்.

நல்லசிவம் அவனைப் பார்த்தார். நூறாக மாற்றப்படாத நேரடித் துடிப்புக்கு அளவர்கள் வைத்திருந்த பெயர் அது. கருவியின் முதுகில் சின்னதாகத் தெரியும். நாலு வருடம் முன்பே கிளாட்சன் அதைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தான். கோப்பு திரும்பி வரவேயில்லை.

“தேவையில்லை.”

“தேவை சார். நாகர்கோவில்ல எங்கம்மா கேக்காங்க, உலகத்துல பக்தி ஜாஸ்தி ஆயிட்டாமே, நூத்தி நாப்பது பேரும் பாஸாமேன்னு. நான் என்ன சொல்ல?” அவன் கருவியைத் திருப்பி வைத்து, அந்த எண்ணைத் திரைக்கும் அனுப்பினான்.

பதினொன்று.

“ஒன்பதாயிரம் இருந்துச்சு. இப்ப பதினொண்ணு,” என்றான். “இவங்க கொறையக் கொறைய அவங்க எல்லாரும் ஏறிட்டாங்க. அந்தப் பக்கத்து அதிபருக்குத் துடிப்பு எட்டு. பதினொண்ணுக்கு எட்டு, எழுபத்து மூணு மார்க். இந்தப் பக்கத்துப் பிரதமருக்கும் அதே எட்டுதான். ரெண்டு பேரும் நல்லா பாஸாகிதான் சண்டையே போடுதாங்க.”

திரையில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தது. ஐந்து வருடப் போரில் முதல் முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பழைய முடிவுகள் எதையும் தொடக் கூடாது,” என்றார் ஒருவர்.

“ஆமாம்,” என்றார் மற்றவர்.

ரெஹானா காகிதங்களைப் புரட்டினாள். “தொட வேண்டாம் சார். அன்னைக்கு அளந்தது அன்னைக்குச் சரி. ஆனா விதி தெளிவா இருக்கு. மூலப்படி பழுதாயிட்டா விடுவிச்சிடணும். புதுசா வைக்கிறது, பழசோட கடைசி அளவுக்குச் சமமா இருந்தாப் போதும்.”

“அப்ப பதினொண்ணு உள்ள ஆள் ஒருத்தர் வேணும்,” என்றார் நல்லசிவம். அவர் முகம் தெளிந்திருந்தது.

“நம்ம ஆபீஸ்லயே நாப்பது பேர் தேறுவாங்க சார்,” என்றான் கிளாட்சன்.

ரெஹானா விடுவிப்புத் தாளை எடுத்து நிரப்பினாள். நல்லசிவம் பேனாவைத் திறந்தார்.

“உங்க மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிடறோம்மா. சாயங்காலம் வண்டி. விடியறதுக்குள்ள தூத்துக்குடி போயிடலாம்.”

மாடத்திக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று வருடம் ஆகிறது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் காட்டும் பிள்ளை. அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. அதன் தலையில் என்ன எண்ணெய் வாசம் என்று தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து, அவளைக் கேட்காமலேயே, அது வந்தது.

“சாமி. கண்ணத் தொறந்துட்டியே சாமி.”

பட்டை நெற்றியில்தான் இருந்தது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கிளாட்சன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் கருவியைத் தன் உடம்பால் மறைத்தான். ஆனால் அந்த எண் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாயிரத்து இருநூறு. அதற்குக் கீழே, அன்று மதியம் உரையாற்ற இருந்த அந்த அதிபர், பிரதமர் பெயர்களுக்கு எதிரே, ஒத்திகையில் வாங்கிய மதிப்பெண்கள் தாமாகத் திருந்தின. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது.

நல்லசிவம் பேனாவை மூடினார்.

“பழுதாகலையே,” என்றார் மெதுவாக.

“இவளை வெளியே விடாதீர்கள்,” என்றார் ஒரு பிரதிநிதி. “விட்டால் அவர்கள் தூக்கிக்கொண்டு போய் எங்களை அளப்பார்கள்.”

“அவர்கள்தான் தூக்குவார்கள்,” என்றார் மற்றவர். “விடாதீர்கள்.”

ரெஹானா மாடத்தியைப் பார்க்காமல் தாளை மடித்தாள். “விதிப்படி நல்லா இருக்கற மூலப்படியை விடுவிக்க முடியாது. சாரிம்மா.”

“இல்ல தாயி, அது வாய் தவறி வந்துட்டு,” மாடத்தி மேசையைச் சுற்றி வந்தாள். “சின்னதுலேருந்து சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி. கல்லு தடுக்குனாலும் அதாம் வரும். உள்ள ஒண்ணும் கெடையாது. அய்யா, நம்புங்கய்யா. சாமி சத்தியமா எங்கிட்ட சாமி இல்ல.”

எண் ஒன்பதாயிரத்து எண்ணூறுக்கு ஏறியது.

அவளே அதைப் பார்த்தாள். பட்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்தாள். கிளாட்சன் குனிந்து அதை எடுத்தான். எடுத்த கையோடு அப்படியே குனிந்து நின்றான்.

“மதியத்து உரைகளைத் தள்ளிப் போடுங்க,” என்றார் நல்லசிவம் திரையைப் பார்த்து. “பேச்சை அனுப்பிவையுங்க. அந்தம்மா காதுல தினம் போட்டுக்கிட்டே இருப்போம். இறங்கிடும்.”

“போன தடவை ஏழு வருஷம் ஆச்சு சார்,” என்றான் கிளாட்சன்.

“இந்தத் தடவை அவ்வளவு ஆகாது.”

காவலர் வந்து மாடத்தியின் முழங்கையைத் தொட்டார். அவள் கையை உதறிவிட்டுத் தானே நடந்தாள். நடைவழியின் கடைசியில் அவள் அறை. உள்ளே கட்டில்மேல் ஒலிக்கருவி ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. யாரோ ஒருவர் தன் நாட்டு மக்களிடம், கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.