ஓசைப்படாமல் போன சலங்கை

சிதம்பரம். 2009 பிப்ரவரி. மாலை 6.05.

ஒப்பனை அறையில் தமிழினியின் பை திறந்து கிடந்தது. உள்ளே வைத்த சலங்கையைக் காணோம்.

ஆறரைக்கு அவள் மேடையேற வேண்டும். கடலூர் மீனவர் குப்பத்துப் பெண்ணுக்கு இந்த நாட்டிய விழாவில் இடம் வாங்க, விழாவை நடத்துபவர்களில் ஒருத்தியும் நடன விமர்சகருமான அமராவதி பத்திரிகையில் எழுதி, கமிட்டியில் வாதாடி, கெட்ட பெயரெல்லாம் வாங்கியிருந்தாள்.

"பயத்துல அவளே ஒளிச்சி வெச்சிருப்பா," என்றார் செயலாளர் தில்லைநாதன். அவருக்குக் கவலையைவிடச் சந்தோஷம்தான் ஜாஸ்தி. "ஆறரைக்கு மேடையில இல்லன்னா கேன்சல். அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்காதீங்க."

பூஜையில் வைத்து குரு கொடுத்த சலங்கை. இரவல் வாங்கிக் கட்ட தமிழினிக்கு மனம் வராது. அவள் அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

6.12. அறைக்கு ஒரே வாசல். அங்கே வாட்ச்மேன் பக்கிரி.

"உள்ள யார் போனாங்க?"

"இந்தப் பொண்ணு பையை வெச்சிட்டு மைக் டெஸ்டுக்குப் போச்சி. செகரட்டரி ஐயா வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தாரு. அப்புறம் ஆடி முடிச்சிட்டு சரண்யாம்மா வந்தாங்க. வேற ஈ காக்கா வரலம்மா."

"சலங்கைச் சத்தம்?"

"சரண்யாம்மா கால்ல கெடந்ததுதான். வந்தப்பவும் ஜல்ஜல், கையில துண்டோட பாத்ரூம் போனப்பவும் ஜல்ஜல். வேற சத்தம் கேட்டிருந்தா உடுவனா?"

அமராவதி நடைவழியைப் பார்த்தாள். கடைசியில் பாத்ரூம். வழியில் பூக்குவியலோடு நடராஜர் சிலை.

6.18. மேடையோரம் சரண்யா நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"துண்டுல சுத்தினாலும் சலங்கை சிணுங்கும், சரண்யா. அந்தச் சத்தத்தை மறைக்க இன்னொரு சலங்கைதான் வேணும். பாத்ரூம் போனேன்னு பக்கிரிகிட்ட சொல்லலாம், அவர் நம்புவார். ஆனா ஆடறவ யாரும் சலங்கையோட அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. கழட்டி, கண்ணுல ஒத்திக்கிட்டுதான் போவா. நீ அங்க போகவே இல்ல."

சரண்யா அடுத்த வளையலைக் கழற்றினாள்.

"எடுத்ததைத் தரையில போடவும் உனக்கு மனசு வந்திருக்காது."

அமராவதி நடைவழிக்குத் திரும்பி, சிலைக்குப் பின்னால் பூவை விலக்கினாள். துண்டுக்குள் சலங்கை இருந்தது.

"போன வருஷம் என் முகத்துல பாவமே இல்லன்னு எழுதினீங்க, மேடம்," என்றாள் சரண்யா. "இவளைப் பத்தி, ஆடறதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் எழுதினீங்க."

6.29. தமிழினி சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் காலில் கட்டினாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் மேடைக்கு நடந்தாள்.

"இதையும் எழுதுவீங்களா?" என்றாள் சரண்யா.

"நான் ஆட்டத்தைத்தான் எழுதுவேன். இன்னிக்கு நீ ஆடினப்ப உன் முகத்தை விட்டு என்னால கண்ணெடுக்க முடியல. நீ உள்ள போய் அவ பையைத் தொறந்தப்ப, நான் அதைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

சரண்யா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேடையில் சலங்கை ஒலிக்கத் தொடங்கியது.