வரிசையில் நின்ற ஒற்றைச் செருப்பு

மலர் தன்னைச் சோம்பேறி என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அம்மா சொல்வாள், டீச்சர் சொல்வார், பக்கத்து வீட்டு ஷ்ரேயாஸ்கூடச் சொல்வான். மலருக்கு அது குழப்பமாகவே இருந்தது. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்யும் அப்பா ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினால் அதற்குப் பெயர் ஓய்வு. ஆறாம் வகுப்பு படிக்கும் மலர் ஒன்பது மணி வரை தூங்கினால் மட்டும் அது சோம்பேறித்தனமாம்.

"அப்பா வாரம் முழுக்க வேலை செய்றாரு," என்றாள் அம்மா.

"நானும் வாரம் முழுக்க ஸ்கூலுக்குப் போறேனே."

"போறே. போய் என்ன பண்றே?"

பதில் யோசிப்பதும் ஒரு வேலைதானே என்று மலர் விட்டுவிட்டாள்.

அவர்கள் வீடு பெங்களூரில், ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. பதினாலு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தெருக்குழாய். அதை எல்லோரும் நல்லி என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும். ஒரு மணி நேரம் வந்தாலே அதிகம். அதனால் மத்தியானமே அவரவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

மலர் வீட்டில், ஸ்கூல் விட்டு வந்ததும் குடம் வைப்பது மலரின் வேலை. பிளாஸ்டிக் குடம், அதுவும் காலிக் குடம். ஆனாலும் வீட்டிலிருந்து நல்லி வரை இருபது அடி தூக்கிக்கொண்டு போக வேண்டுமே. ஒருநாள் அவள் குடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, நல்லிக்குப் பக்கத்தில் கிடந்த அரைச் செங்கல்லைக் காலால் தள்ளி வரிசையில் சேர்த்தாள்.

"குடத்துக்குப் பதிலா செங்கல்லா? எந்த ஊர் நியாயம்டி இது?" என்று கேட்டார் அங்கே குடம் வைக்க வந்த எதிர் வீட்டு டோரீன் ஆன்ட்டி.

"உங்களுக்குப் பதிலா உங்க குடம் நிக்குது. எங்க குடத்துக்குப் பதிலா செங்கல் நிக்கட்டுமே ஆன்ட்டி."

அடுத்த முறை டோரீன் ஆன்ட்டி குடத்தைக் கொண்டுவரவில்லை. பிய்ந்துபோன ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஷ்ரேயாஸ் உடைந்த கிரிக்கெட் மட்டையை வைத்தான். ருக்கு மாமி தேங்காய் ஓடு ஒன்றை வைத்தார். ஓஸ்வால்ட் அங்கிள் காலி பவுடர் டப்பாவை வைத்தார். இரண்டே வாரத்தில் சந்தில் ஒரு குடம்கூட வரிசையில் இல்லை. மலருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச். சந்தே ஓஸ்வால்ட் அங்கிளின் கலர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. மலர் மட்டும் நல்லிக்கு எதிரே பூட்டிக் கிடந்த பெட்டிக்கடையின் படியில், நிழலில், கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தாள். டி.வி. பார்ப்பதென்றால் அங்கே நடந்து போக வேண்டுமே.

மூன்றரை மணிக்குத் துப்புரவு அம்மா ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். இந்தச் சந்துக்கு அன்றுதான் புதிதாக வந்தவர். நல்லி முன்னால் நின்று பார்த்தார். செங்கல், செருப்பு, மட்டை, ஓடு, டப்பா.

"ஏனு இஷ்டு கசா," என்று முணுமுணுத்தார். கன்னடத்தில், என்ன இவ்வளவு குப்பை என்று அர்த்தம்.

துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

மலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். சொல்வதற்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் நடக்க வேண்டும். நடந்தால் இது குப்பை இல்லை, வரிசை என்று கன்னடத்தில் விளக்க வேண்டும். யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வண்டி திரும்பிப் போயே விட்டது.

நாலு மணிக்கு நல்லி இருமியது. தண்ணீர் கொட்டியது. மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களும் குடங்களோடு ஓடி வந்து, கழுவி விட்டதுபோல் கிடந்த தரையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"என் செருப்பு எங்கே?" என்றார் டோரீன் ஆன்ட்டி.

"திருடன் வந்திருப்பானோ?" என்றார் ருக்கு மாமி.

"செங்கல்லையும் ஓட்டையும் எந்தத் திருடன் எடுப்பான் மாமி?" என்றார் ஓஸ்வால்ட் அங்கிள். "அது போகட்டும், நான்தான் ரெண்டாவது."

"நீங்க ரெண்டாவதா? அப்ப நான் யாரு?" என்றார் ருக்கு மாமி.

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஒருவர் குடத்தை நல்லிக்குக் கீழே வைத்தால் இன்னொருவர் அதை நகர்த்தினார். தண்ணீர் யார் குடத்திலும் விழாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தண்ணீர் திங்கட்கிழமைதான்.

வரிசை மொத்தமும் மலருக்கு மனப்பாடம். மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து அதையேதானே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வரிசையைச் சொன்னால், வண்டி வந்ததையும் பார்த்தாய் அல்லவா என்று கேட்பார்கள். போதாததற்கு அவளுடைய செங்கல்தான் கடைசி. வீட்டு டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இங்கே கிடைக்காவிட்டால் ரயில்வே கேட் தாண்டி இருக்கும் கைப்பம்புக்குப் போக வேண்டும். நாலு குடம் என்றால் நாலு நடை.

அவளே முதல் என்று சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை. அந்த எண்ணமும் வந்தது. சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

மலர் எழுந்து, நடந்து, நல்லிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு வரிசை தெரியும்," என்றாள். "புதுசா வந்த துப்புரவு அம்மா குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தே?" என்றார் ருக்கு மாமி.

"ஆமா மாமி. எழுந்திருக்கச் சோம்பலா இருந்துச்சு. தப்புதான்."

இவ்வளவு நேராக ஒத்துக்கொண்டவளை எப்படித் திட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மலர் வரிசையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஷ்ரேயாஸ் மட்டை முதல்ல. ரெண்டாவது ருக்கு மாமி. அங்கிள், நீங்க மூணாவது. டப்பா வச்சிட்டு மூடியை எடுக்கத் திரும்பி வந்தீங்களே." ஓஸ்வால்ட் அங்கிள் தலையாட்டினார். "டோரீன் ஆன்ட்டி ஆறாவது."

"அஞ்சாவதுடி," என்றார் டோரீன் ஆன்ட்டி.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் வந்து செருப்பை ஒரு இடம் முன்னால் நகர்த்தியதையும் மலர் பார்த்திருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"ஆறாவதாத்தான் இருக்கும்," என்றார் டோரீன் ஆன்ட்டி, குடத்தைத் துடைத்துக்கொண்டே.

"கடைசி நான்," என்று முடித்தாள் மலர்.

பதின்மூன்று வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்தது. மலரின் முறை வந்தபோது கால் குடம் நிறைந்ததும் நல்லி நின்றுவிட்டது.

கைப்பம்புக்கு அம்மாவும் கூட வந்தாள். வழியெல்லாம் திட்டப் போகிறாள் என்று மலர் எதிர்பார்த்தாள்.

"கடைசின்னு நீயேவா சொன்னே?" என்றாள் அம்மா.

"கடைசிதானேம்மா."

அம்மா பெரிய குடத்தை மலரிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டு வாங்க வேண்டிய நாளில் இது எதற்கு என்று மலருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும் டோரீன் ஆன்ட்டி நிழலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"இனிமே யாரும் எதுவும் வைக்க வேணாம். உன்கிட்ட பேர் சொல்லிட்டுப் போயிடறோம். நீ சும்மா உக்காந்து ஞாபகம் வச்சுக்கோ. உங்க வீட்டுக் குடத்தை நாங்களே புடிச்சுத் தூக்கிட்டு வந்துடறோம்."

மலருக்குக் காது இரண்டும் இனித்தது. உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் கண் சொக்கியது. தூங்கினால் ஏழாவது பேர் மறந்துபோகும். நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓஸ்வால்ட் அங்கிள் வந்து, "நான் மாமிக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அவள் மனதில் ஒன்பதும் பத்தும் இடம் மாறிவிட்டன. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். காதோரம் வேர்த்தது.

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மலர், சும்மாதானே உக்காந்திருக்கே? வந்து வெங்காயம் உரிச்சுக் குடு."

"சும்மா இல்லம்மா. வேலையா இருக்கேன்."

அம்மா வெளியே வந்து பார்த்தாள். நிழலில் நாற்காலி. நாற்காலியில் மலர், கால்மேல் கால் போட்டபடி, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இது வேலையா, சோம்பேறித்தனமா? எவ்வளவு நேரம் பார்த்தும் அம்மாவுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் வெங்காயத்தைத் தானே உரித்தாள்.