நிழலுக்குக் கிடைச்ச பரிசு

ஓமான் நாட்டுல, எங்க சூர் ஊர்ல, கடலோரப் பெண்கள் பள்ளிக்கூடத்துல, வருஷா வருஷம் புகைப்படப் பரிசு குடுப்பாங்க. ஜெயிச்ச படத்தை வராந்தாச் சுவர்ல மாட்டி, கீழ எடுத்த பிள்ளையோட பேரையும் எழுதுவாங்க. முதல் வருஷம் நஸ்ரா எடுத்த பாய்மரப் படகு. அப்புறம் வத்ஃபா எடுத்த, செருப்பைத் தின்னுற ஆடு. போன வருஷம் மௌஸா எடுத்த மழை. அதுக்குப் பக்கத்துல ஒரு ஆணி காலியா இருந்துச்சு.

அஞ்சாம் வகுப்பு ரய்யா தினமும் அந்த ஆணியைப் பாத்துக்கிட்டேதான் போவா.

இந்த வருஷம் அவளுக்குத்தான் பரிசுன்னு டீச்சரே சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு சுவைனா மாமி முற்றத்துல ரொட்டி சுடுறப்போ வாய்விட்டுச் சிரிச்சதை, அம்மாவோட போன்ல டக்குனு எடுத்திருந்தா. பாக்குறவங்களுக்கும் சிரிப்பு வந்துரும்.

அன்னைக்குச் சாயங்காலம் மாமிகிட்ட போன்ல படத்தைக் காட்டினா. மாமிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா பள்ளிக்கூடத்துல மாட்டுவாங்கன்னு கேட்டதும் முகம் வாடிப்போச்சு.

"வீட்டுல வெச்சுக்கோ கண்ணு. சுவர்ல வேணாம்."

"ஏன் மாமி? எல்லாரும் பாக்கட்டுமே."

"எல்லாரும் பாக்குறதுதான் வேணாங்குறேன்."

மாமி அதட்டல. அதான் ரய்யாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு. எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு நெனச்சா.

மறுநாள் டீச்சர்கிட்ட போய்ப் படத்தைத் திருப்பி வாங்கிட்டா. இது மாதிரி இன்னொண்ணு கிடைக்காதேன்னு டீச்சர் வருத்தப்பட்டாங்க. வேற படம் குடுக்க இன்னும் ஒரு நாள் நேரம் இருந்துச்சு.

வாங்கிட்டு வந்த படத்தை மாமி கையில குடுத்துட்டு முற்றத்துல உம்முனு உக்காந்தா. மாமி பழையபடி ரொட்டி சுட ஆரம்பிச்சாங்க. சாயங்கால வெயில் சாஞ்சு அடிச்சுது. எதிர்ச்சுவர்ல மாமியோட நிழல் பெரிசா நின்னு ரொட்டியைத் தூக்கிப் பிடிச்சுது.

ரய்யா எந்திரிச்சா. போனைக் கையில எடுக்கல.

"மாமி, உங்க நிழலை எடுத்துக்கட்டுமா? சுவர்ல மாட்டுறதுக்கு."

மாமி திரும்பிச் சுவரைப் பாத்தாங்க. கொஞ்சம் யோசிச்சாங்க.

"நிழலுக்கு என்ன வெக்கம்? எடு. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடு."

சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. நிழலும் குலுங்குச்சு. அப்பதான் ரய்யா எடுத்தா.

பரிசு நாள் அன்னைக்கு அந்த ஆணியில நிழல் தொங்குச்சு, கீழ ரய்யா பேரு. அம்மாமாரெல்லாம் கூடி நின்னு பாத்தாங்க. சுவைனா மாமியும் கூட்டத்துல இருந்தாங்க, ரய்யா கையைப் பிடிச்சுக்கிட்டு.

"யாருடி இது, இவ்வளவு நீள மூக்கு?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க.

"யாரோ நல்லா ரொட்டி சுடுறவ போலிருக்கு"ன்னு சொல்லிட்டு, மாமி தலைத்துணியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாங்க.