பொற்கொடிக்கு ஒரு டூரிஸ்ட் விசா

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. கத்தி இல்லை, விஷம் இல்லை, கயிறும் இல்லை. ஆனாலும் இது கொலைக் கதை. பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க.

செல்போன் அலறியது.

போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தாள் பொற்கொடி. தோட்டம் அவள் பெயரில். ஸ்டோரும் அவள் பெயரில். நோயும் அவள் பெயரில்தான். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய், ஊரார் கொடுத்த ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. மறுநாள் விமானம் ஏறினால் வெளிநாட்டில் ஆறு மாத வைத்தியம். பிழைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

எடுத்தாள்.

"அக்கா... நாளைக்கு பிளேன் ஏறாதீங்க."

பெண் குரல். சின்ன வயசு.

"யாரும்மா நீ?"

"ஏறுனா உசுரோட திரும்ப மாட்டீங்க. ஒங்களுக்கு எடுத்திருக்கறது சுத்திப் பாக்கற விசா. ஒரு மாசந்தான்."

"போனதும் நீட்டிச்சுக்கலாம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரே."

"அந்த நாட்டுல அது நடக்காது. அவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு, மெடிக்கல் விசாதான் எடுத்திருக்குன்னு பொய் சொல்லிருக்காரு."

பொற்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மொத மருந்து ஒங்க எலும்புக்குள்ள ரத்தம் ஊற வைக்கறத மொத்தமா காலி பண்ணிரும். அப்பறந்தான் புதுசு ஊறணும். சரியா அந்த நேரத்துல, நாள் முடிஞ்சிருச்சு, நாட்ட விட்டுப் போன்னு சொன்னா..."

கட்!

"யாரு கொடி?"

முதுகுக்குப் பின்னால் குரல். திரும்பினாள்.

அவள் புருஷன் அழகுராஜா. மடிப்புக் கலையாத சட்டை. முகம் நிறையச் சிரிப்பு.

"லோடு ஜீப்புக்காரன். வாடக கேக்குறான்."

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் சொன்ன முதல் பொய்.

"நாளைக்கு வெரசா கெளம்பணும். போய்ப் படு."

"காச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு. டிக்கெட்ட தள்ளிப் போடுங்க."

சிரிப்பு ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வந்து உட்கார்ந்தது.

"எத்தன நாளைக்கு?"

"ஒடம்பு சொல்லட்டும்" என்றாள்.

*

போடி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெகதீஷின் டிராவல்ஸ். அவன்தான் விசா ஏஜென்ட். பொற்கொடி தனியாக வந்ததைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"சொல்லிவிட்டா நானே வந்திருப்பேனேக்கா."

"ஆறு மாசம் தங்கி வைத்தியம் பாக்க எந்த விசாப்பா எடுக்கணும்?"

"மெ... மெடிக்கல் விசாக்கா."

"அதுக்கு என்னென்ன வேணும்?"

"அந்த ஆஸ்பத்திரி கூப்பிட்ட லெட்டரு. நம்ம டாக்டரு சீட்டு. செலவுக்குப் பணம் இருக்கறதுக்கு பேங்க் பேப்பரு."

"மூணும் எங்கிட்ட இருக்கு. அப்பறம் எதுக்கு இந்த ஒரு மாச விசா?"

ஜெகதீஷ் மேஜையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"அண்ணன் இதுதான் வேணும்னாரு. கேட்டத எடுத்துக் குடுக்கறதுதானக்கா எஞ்சோலி..."

"காலையில ஜீப்புல ஏறி கேரளா தோட்டத்துக்குப் போயிட்டு, சாயங்காலம் முந்தல் செக்போஸ்ட் வழியா எறங்கி வர்ற மாதிரின்னு நெனச்சுட்டியா? நான் போறது என் உசுர வாங்கிட்டு வரப்பா."

அவன் மேஜை மேலிருந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தான்.

"தண்ணி குடிங்கக்கா."

டம்ளரை நீட்டிய பெண்ணின் குரல்... அதே குரல்! பொற்கொடி நிமிர்ந்தாள். ஜெகதீஷிடம் டைப் அடிக்கிற ரேணுகா. அவள் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள்.

அப்புறம் இரண்டு பெண்களும் வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள்? பொறுங்க கண்ணுகளா, அதுக்குத்தானே போய்க்கிட்டிருக்கோம்.

திரும்பி உள்ளே வந்த பொற்கொடியின் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கல்லாக இருந்தது.

"மெடிக்கல் விசாவுக்கு எழுதுப்பா. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு விடக் கூடாது."

"கூட இருந்து பாத்துக்க ஒரு ஆளுக்கும் விசா தருவாங்கக்கா. யாரப் போட?"

பெயரைச் சொன்னாள்.

ஜெகதீஷின் பேனா கீழே விழுந்தது.

*

விசா வந்த அன்று, போடி வீட்டில் பெட்டி தயாராக இருந்தது. அழகுராஜா ஆசுவாசமாகச் சிரித்தான்.

"அப்பாடா. இப்பவாவது கெளம்பணும்னு தோணுச்சே."

"ஆறு மாச மெடிக்கல் விசா வந்திருச்சுங்க."

சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என்... என்ன விசா?"

"நீங்க எடுக்க மறந்தது."

"கொடி, நான் அவசரத்துல... ஒன் நல்லதுக்குத்தான்..."

"நான் அங்க செத்தா, தோட்டம் ஒங்களுக்கு. பழி அந்த நாட்டுச் சட்டத்துக்கு. நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க."

அவன் முகம் மாறியது. குழைவு போய்விட்டது.

"எவன்கிட்ட வேணா போய்ச் சொல்லு. தப்பான விசா எடுத்தான்னு எந்த ஸ்டேஷன்ல கேஸ் எடுப்பான்? நான் கூட வராம நீ எப்படிப் போறன்னு பாக்குறேன். நடக்கவே ஆளு வேணும் ஒனக்கு."

"ஆளு இருக்கு. உள்ள வாம்மா."

கையில் பெட்டியோடு ரேணுகா உள்ளே வந்தாள்.

அழகுராஜா அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

"ரேணு... நீயா?"

"கொடி போனதும் கல்யாணம்னு சொன்னீங்கல்ல" என்றாள் ரேணுகா. "மொத சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரு யோசன. கட்டுன பொண்டாட்டிய இந்த விசாவுல அனுப்புறவரு, நாளைக்கு என்னைய எதுல அனுப்புவாரு?"

"ஏய்... வாய மூடு!"

"நான் மூடிட்டேன். நீங்க எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜுதான் ஸ்டேஷன்ல பேசிக்கிட்டு இருக்கு. நாள் முடியறதும் மருந்து ஏத்துறதும் ஒண்ணா வரணும்னு கணக்குப் போட்டுச் சொன்னீங்களே, அது."

வாசலில் போலீஸ் ஜீப்பு நின்ற சத்தம்.

அழகுராஜா பொற்கொடியைப் பார்த்துக் கத்தினான்.

"புத்தி இருக்காடி ஒனக்கு? நம்ம குடும்பத்தக் கெடுக்க வந்தவளையா கூடக் கூட்டிட்டுப் போற?"

பொற்கொடி மெல்ல எழுந்தாள். தலை சுற்றியது. ரேணுகா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவளுக்கு இங்கிலீசு தெரியும். விசா தெரியும். ஒங்களையும் தெரியும். கூட வர்றதுக்கு இதுக்கு மேல என்னங்க தகுதி வேணும்?"

அவ்வளவுதான் கண்ணுகளா. போனாள், பிழைத்தாள், வந்தாள். நீங்களும் உங்க வீட்டுல நோவுன்னு ஒருத்தரும் படுக்காம, அடுப்பு அணையாம, பிள்ள குட்டிகளோட நூறு வருஷம் நல்லா இருங்க. வீட்டுக்காரரை நம்புங்க, வேணாங்கல... விசாவை மட்டும் நீங்களே ஒருதரம் வாசிச்சிருங்க!