கோவேறு கழுதை உட்காராது

சனிக்கிழமை மாஸ்பி கல்லூரி அணி தோற்றால், ஞாயிற்றுக்கிழமை ஜூனி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெடி வெடிக்கும். இந்த வாரமும் வெடித்தது.

"வெயில்தான் காரணம்," என்றாள் பெர்னிஸ் அத்தை, பொரித்த கோழியைத் தட்டில் வைத்துக்கொண்டே. "அந்த வெயில்ல பசங்க எவ்வளவு நேரம்தான் ஓடுவாங்க? கடைசியில சோர்ந்து போயிட்டாங்க."

"வெயிலாம் வெயிலு! எதிரணிக்கு மட்டும் நிலாவா காய்ஞ்சுது?" என்றார் அப்பா. அவர் பெயர் வெண்டெல். "தாக்குற பசங்க ஒழுங்கா ஆடலக்கா. உள்ள போறாங்க, முழிக்கிறாங்க, வெளிய வர்றாங்க. தடுக்கிற பசங்களுக்கு மூச்சு வாங்கக்கூட நேரமில்ல. அப்புறம் சோராம என்ன செய்வாங்க?"

மிசிசிப்பியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் கால்பந்து என்றால் உயிர். பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஓர் அணிக்குள்ளேயே இரண்டு கூட்டம் உண்டு. பந்து நம்மிடம் இருந்தால் தாக்கும் பிள்ளைகள் களத்தில் இருப்பார்கள். பந்து கைமாறியதும் அவர்கள் வெளியே வர, தடுக்கும் பிள்ளைகள் உள்ளே போவார்கள். ஒரு கூட்டம் ஆடும்போது இன்னொரு கூட்டத்துக்கு ஓய்வு.

ஜூனியின் அண்ணன் டார்னெல் தடுக்கும் கூட்டத்தில் இருந்தான். அத்தை மகன் எஸ்ரா, தாக்கும் கூட்டத்தில் பந்தை எறிகிறவன். அத்தை ஏன் வெயிலைத் திட்டினாள், அப்பா ஏன் எஸ்ரா கூட்டத்தைத் திட்டினார் என்று இப்போது புரிந்திருக்கும். அவரவர் பிள்ளை அவரவருக்குத் தங்கம்.

பெரியவர்கள் சண்டை ஜூனிக்குப் பழகிப்போனது. பிள்ளைகள் சண்டைதான் புதிது. டார்னெலும் எஸ்ராவும் ஒரே வீட்டில், ஒரே அறையில் வளர்ந்தவர்கள். ஒருவன் தும்மினால் மற்றவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவர்கள் இன்று மேசையின் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன்.

"ஜூனி, அந்தப் பெரிய மனுசன்கிட்ட சோள ரொட்டியைத் தள்ளச் சொல்லு," என்றான் எஸ்ரா.

"ஜூனி, அவருக்குக் கை இருக்குல்ல? அதால பந்தைத்தான் பிடிக்கத் தெரியல, ரொட்டியையாவது பிடிக்கச் சொல்லு," என்றான் டார்னெல்.

எஸ்ரா எழுந்து போய்விட்டான். ரொட்டி அப்படியே இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் டார்னெல் அப்பாவிடம் மெல்லச் சொன்னது ஜூனியின் காதில் விழுந்தது. "சனிக்கிழமை ஆத்துக்கு அந்தப் பக்கத்து அணியோட ஆட்டம். அதுவும் இப்படியே தோத்துச்சுன்னா நான் கல்லூரி விடுதிக்கே போயிடறேன்பா. அவன்கூட ஒரே அறையில இருக்க முடியாது."

அண்ணன் இல்லாத வீடா? மாடியில் இரவெல்லாம் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்காமல் ஜூனிக்குத் தூக்கம்கூட வராதே!

மறுநாள் பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் காலி மனையில் கூடினார்கள். பெரியவர்கள் ஆடுகிற அதே ஆட்டம்தான். அமுக்குவது மட்டும் கிடையாது. இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கினால் ஆள் அவுட். ஜூனி தடுக்கும் கூட்டத்தின் தலைவி.

"வெளிய இருக்கும்போது யாரும் உட்காரக் கூடாது!" என்று கட்டளை போட்டாள் ஜூனி. "நாம கோவேறு கழுதைங்க!"

கோவேறு கழுதை மாஸ்பி அணியின் சின்னம். எப்போதோ ஒரு வருடம் புயலில் களத்தின் பெஞ்சுகள் பறந்து போயின. தடுக்கும் பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க, ஓய்வு நேரத்திலும் நின்றுகொண்டே இருந்து எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தார்களாம். பிறகு பெஞ்சு வந்தது, பந்தல் வந்தது, பனிக்கட்டியில் நனைத்த துண்டுகூட வந்தது. உட்காரத்தான் ஆளில்லை. தடுக்கும் பிள்ளைகள் தலைக்கவசத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். ஊரே, "கழுதை உட்காராது! கழுதை உட்காராது!" என்று தாளம் போட்டுக் கத்தும்.

ஜூனியின் கூட்டமும் தலைக்கவசத்துக்குப் பதில் புத்தகப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. டல்லி மட்டும் நிற்கவில்லை. முன்பல் இரண்டும் விழுந்த பொடியன் அவன். வெளியே வந்தவுடன் பீக்கன் மரத்தடிக்கு ஓடிப்போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வான்.

"டல்லி, எழுந்திரு! மானம் போகுது!"

"எனக்குக் கால் வலிக்குது. மானம் அப்புறமா வரட்டும்," என்றான் டல்லி.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஜூனியின் கூட்டத்துக்கு நாக்கு வெளியே தள்ளியது. எதிர்க்கூட்டத்தில் நெட்டையாக ஒருவன் பந்தோடு வந்தான். ஜூனி துரத்தினாள், முடியவில்லை. இன்னொருத்தி துரத்தினாள், அவளாலும் முடியவில்லை. எங்கிருந்தோ டல்லி பாய்ந்து வந்து அவன் துணியைப் பிடுங்கிவிட்டான். அடுத்த முறையும் டல்லிதான். அதற்கு அடுத்த முறையும் டல்லியே.

"உனக்கு மட்டும் எப்படிடா ஓட முடியுது?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் ஜூனி.

டல்லி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான்தான் உட்கார்ந்தேனே!"

ஜூனி புல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். தாக்குகிறவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட, கிடைத்த கொஞ்ச ஓய்வும் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கொஞ்ச நேரத்தை டல்லி ஒருவன்தான் ஒழுங்காகச் செலவு செய்திருக்கிறான்.

அன்று மாலையே டார்னெலிடம் போனாள். அவன் வாசல் படியில் உட்கார்ந்து கணுக்காலில் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, சனிக்கிழமை வெளிய வந்ததும் நீ பெஞ்சுல உட்காரு."

"கழுதை உட்காராது," என்றான் டார்னெல், யோசிக்காமலே.

"பந்தலும் பெஞ்சும் சும்மாதான இருக்கு?"

"பயிற்சியாளரே தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டாரு, ஜூனி. நாங்க உட்கார மாட்டோம். ஊரே பார்த்துட்டு இருக்கும்போது எப்படி உட்கார்றது? உட்கார்ந்தா சிரிக்க மாட்டாங்களா? அந்த வழக்கத்தை நாங்களா விடணும்? யாராவது நிக்கணும்ல?"

அவன் பனிக்கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஜூனி போர்வைக்குள் புகுந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தாள். யாராவது நிற்க வேண்டும், சரி. அது அண்ணனாகத்தான் இருக்க வேண்டுமா?

காலையில் அப்பா காபி குடிக்கும்போது போய் நின்றாள். அத்தை அடுப்பருகே இருந்தாள்.

"அப்பா, வெயில் எல்லாம் ஒரு விஷயமே இல்லதானே?"

"இல்லவே இல்ல!"

"அப்போ சனிக்கிழமை அண்ணனுக்குப் பதிலா நீங்க நில்லுங்களேன். பந்து நம்மகிட்ட இருக்கும்போது நாம மேல, பார்க்கிறவங்க வரிசையில நிக்கலாம். அவங்க கீழ உட்காரட்டும்."

அப்பாவுக்குக் காபி புரை ஏறியது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாட்டினியா வெண்டெல்! நில்லு, நில்லு. நல்லா நில்லு."

"நீங்களும்தான் அத்தை," என்றாள் ஜூனி. "வெயில்தான் காரணம்னா நம்ம பசங்களுக்கு நிழல் வேணும்ல? நீங்க நின்னாத்தான அவங்க நிழல்ல உட்காருவாங்க? தப்பு எஸ்ரா மேல இல்லன்னும் ஊருக்குத் தெரியும்."

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு முட்டி வலிடி, குட்டி."

"எஸ்ரா ஆட்டம் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்னு அப்பாதான் சொல்றாரே," என்றாள் ஜூனி அப்பாவியாக.

"யார் சொன்னது?" என்று அத்தை கரண்டியை ஓங்கினாள். "என் பையன் எவ்வளவு நேரம் ஆடினாலும் நான் நிப்பேன்! தேவாலயத்துப் பாடகர் குழுவையே நிக்க வைக்கிறேன், பாரு!"

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. ஜூனி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பாவும் அத்தையும். பின்னால் நீல உடை போட்ட பாடகர் குழு விசிறியும் கையுமாக இருந்தது.

பந்து மாஸ்பி கைக்கு வந்தது. டார்னெலும் மற்றவர்களும் வெளியே வந்து வழக்கம்போல் வரிசையாக நின்று தலைக்கவசத்தைத் தூக்கினார்கள். அவர்கள் முதுகில் வெயில் நேராக விழுந்தது.

ஜூனி எழுந்தாள். தொப்பியைக் கழற்றி ஒரு கையில் உயர்த்திப் பிடித்தாள்.

"அண்ணா! நாங்க நிக்கிறோம்! நீ உட்காரு!"

டார்னெல் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காதது போல மறுபடி நேராக நின்றுகொண்டான். இரண்டு வரிசை தள்ளி யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜூனியின் காது சூடானது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"யாருடா அது என் பொண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது?" என்று அப்பா எழுந்து தொப்பியைத் தூக்கினார். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பாடகர் குழு, எழுந்திருங்க!" நீல உடைகள் எல்லாம் மளமளவென்று எழுந்தன. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. ஆகவே அவர்களும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அதே கதைதான். மேல் வரிசை வரை எல்லோரும் நின்றாயிற்று.

"கழுதை உட்காராது!" என்று அத்தை தன் பாட்டுக் குரலில் ஆரம்பித்தாள். ஊர் முழுக்க வாங்கிப் பாடியது.

டார்னெல் மறுபடி திரும்பினான். இந்த முறை பார்த்துக்கொண்டே நின்றான். மேலே அத்தனை பேரும் கை தூக்கி நிற்க, எல்லோருக்கும் முன்னால் தன் பொடித் தங்கை. அவன் தலைக்கவசத்தைக் கீழே வைத்தான். மெல்ல நடந்து பந்தலுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துவிட்டு, எங்கே மனம் மாறிவிடுவார்களோ என்று அவசரமாக ஈரத் துண்டுகளைக் கொடுத்தார்.

எஸ்ராவின் கூட்டம் அந்த முறையும் சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. ஆனால் டார்னெல் கூட்டம் துள்ளிக்கொண்டு உள்ளே போய், போன வேகத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு வந்தது. எஸ்ராவுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. அதுவும் போனது. மறுபடி பறித்துக் கொடுத்தார்கள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்த எஸ்ராவைப் பார்த்து, உள்ளே போய்க்கொண்டிருந்த டார்னெல் நின்றான். ஜூனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டார்னெல் தன் கழுத்திலிருந்த ஈரத் துண்டை எடுத்து எஸ்ராவின் தோளில் போட்டான்.

"போய் உட்காரு. அவசரப்படாத. பந்தை நான் திரும்ப வாங்கித் தர்றேன்."

அந்த வாரத்தில் அவன் எஸ்ராவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அங்கே பேசியது மேலே கேட்கவில்லைதான். ஆனால் எஸ்ரா தலை நிமிர்ந்ததை ஜூனி பார்த்தாள்.

அதற்குப் பிறகு எஸ்ரா நிதானமாக ஆடினான். கொஞ்சம் எறிந்தான், கொஞ்சம் ஓடினான், மறுபடி கொஞ்சம் எறிந்தான். பந்து மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டம் முடிகிற மாதிரியே தெரியவில்லை. மேலே எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசிப் பகுதி வந்தபோது நீல உடைகள் எல்லாம் வியர்வையில் கறுத்துவிட்டன.

எஸ்ரா கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போனபோது மாஸ்பி முன்னே வந்தது. எதிரணியின் கடைசி முயற்சியை டார்னெல் ஒரே பாய்ச்சலில் அமுக்கினான். ஜெயித்தாயிற்று! பந்தலருகே எஸ்ரா ஓடிவந்து டார்னெலின் முதுகில் ஏறிக்கொண்டான். ஜூனி குதித்த குதியில் தொப்பி எங்கோ பறந்தது.

ஆட்டம் முடிந்து உட்கார்ந்த அப்பாவும் அத்தையும் மைதானம் காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் இருவரும் படியேறி மேலே வந்தார்கள்.

"எல்லாம் உன்னாலதான்டா எஸ்ரா!" என்று முட்டியைத் தேய்த்தாள் அத்தை. "அவ்வளவு நேரமா ஒருத்தன் ஆடுவான்? சட்டுபுட்டுன்னு முடிச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

"பையனை எதுக்குக்கா திட்டுற? அவன் நல்லாத்தான் ஆடினான்," என்றார் அப்பா, தொப்பியால் விசிறிக்கொண்டே. "வெயில்தான் காரணம். என்னா வெயிலு! மனுசன் நிக்க முடியுமா இதுல?"

டார்னெலும் எஸ்ராவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் அத்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் போய் என்ன சாப்பிடலாம் என்று பேசியபடியே கீழே இறங்கினார்கள்.

பின்னால் வந்த ஜூனிக்கும் கால் விண்விண்ணென்று வலிக்கத்தான் செய்தது. அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.