நல்ல பிள்ளைக்குக் கருப்பட்டி

பஞ்சாரக் கூடையின் மேல் வைத்த அம்மிக்குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே கோழி குஞ்சுகளோடு நிம்மதியாக இரை கொத்திக்கொண்டிருந்தது. ஆனால் செவ்வந்தியின் உள்ளங்கையில் ஒரு குஞ்சு சொட்டச் சொட்ட நனைந்து, கண் சொருகி நடுங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணித் தொட்டில விழுந்துருச்சும்மா. நாந்தான் தூக்குனேன்."

ஒன்பது வயது மகள் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் ராமலெட்சுமிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டி இடுப்பு உயரமாயிற்றே என்பது உலை வைக்கும்போதுதான் உறைத்தது. குழவியை நகர்த்தி வெளியே வந்து, மறுபடி எடுத்து வைக்கக் குஞ்சுக்கு ஏது கை. அதற்கு மேல் நினைக்கப் பயந்து அரிசியைக் களைந்தாள்.

நல்லது செய்தால் உடனே கொடுக்கச் சொன்னது மதுரை டாக்டரம்மா. போன வருசம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியதற்காகச் செவ்வந்தியை அவள் அப்பன் சோணைமுத்து அடித்தான், மிளகாய்ப் புகை போட்டான், கடைசியில் கரண்டியைக் காய்ச்சிக் காலில் இழுத்தான். இழுத்தவன்தான் இரவெல்லாம் அழுதான். அவளோ கொப்புளத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, மறுவாரமே இன்னொரு பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள். டாக்டரம்மா அவனை நன்றாக ஏசிவிட்டு விளக்கினார். அடி வாங்கினால் 'இது இனி வேண்டாம்' என்று மற்றப் பிள்ளைகளின் மூளை குறித்துக்கொள்ளும், இவளுக்கு அது பதியவில்லை. கிடைப்பது மட்டும் ஆழமாகப் பதிகிறது. அந்த வழியில்தான் திருத்த வேண்டும், மாதம் தவறாமல் கூட்டி வாருங்கள் என்றார். மிளகாய்ப் பழம் எடுப்பு தொடங்கியதில் இரண்டு மாதமாகப் போகவில்லை.

மாசி வெயிலில் களம் முழுக்கச் சிவப்பாய் மிளகாய் காய்ந்தது. அதன் நெடி தொண்டையில் கமறி, சேலையில் ஏறி, சோற்றில் ஏறி, பத்துமாதப் பிள்ளை பூமிநாதனின் தொட்டில் துணிவரை ஏறியிருந்தது. காம்பு கிள்ளிக் கிள்ளி ராமலெட்சுமியின் கை பத்துத் தண்ணீரில் கழுவினாலும் காந்தும், அந்தக் கையால் பச்சைப்பிள்ளையைத் தொட முடியாது. மிளகாய் நாட்களில் அந்த ஊர்த் தாய்மார் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தம்பியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் செவ்வந்தி என்று ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் கருப்பட்டி.

அடுத்த வாரம் ராமலெட்சுமி ஊருணிக்குப் போன நேரம், அதில் விழுந்த ஆட்டுக்குட்டியைச் செவ்வந்தி தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தாள். பெரிய துண்டாகக் கொடுத்தாள் ராமலெட்சுமி. பொழுது சாயப் பக்கத்து வீட்டு ராக்கு வந்து, சொல்லவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒம் மக குட்டிய முங்க வச்சுக்கிட்டு வழியையே பாத்துக்கிட்டு நின்னா மதினி. நீ வரவுந்தான் தூக்குனா."

ராமலெட்சுமி உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். டப்பாவிலிருந்த கருப்பட்டி முழுவதையும் ராக்குவின் மடியிலேயே கொட்டி அனுப்பினாள். இனிமேல் எதற்கும் கருப்பட்டி கிடையாது என்று மகளிடம் சொன்னாள். செவ்வந்தி அழவில்லை, கேட்டு நச்சரிக்கவும் இல்லை. காலி டப்பாவை முகர்ந்து பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"குட்டி சின்னதுங்கிறதாலயாம்மா?"

கேட்டுவிட்டுத் தொட்டிலைப் பார்த்தாள்.

மறுநாள் சோணைமுத்து வத்தல் மூடையோடு பரமக்குடிக்குப் போய்விட்டான். அவன் வந்ததும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போவது என்று ராமலெட்சுமி முடிவு செய்திருந்தாள். அதுவரை பூமிநாதன் தன் கண்ணை விட்டு அகலக் கூடாது. களத்தோரக் கருவேலமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே காம்பு கிள்ளினாள். செவ்வந்தியைக் காணோம். காலையிலிருந்தே காணோம். உச்சிவெயிலில் காக்கைகூடக் கத்தவில்லை, காய்ந்த வத்தல் மட்டும் காற்றுக்குச் சலசலத்தது.

காற்று சட்டென்று சுழன்றது. களத்துத் தூசியும் மிளகாய்ப் பொடியும் சேர்ந்தெழுந்து முகத்தில் அடித்தன. கண்ணில் நெருப்பை அள்ளிப் போட்டாற்போல் இருந்தது. கசக்க முடியாது, கையெல்லாம் மிளகாய். முந்தானையைத் தேடினாள். தொட்டில் கயிறு ஒருமுறை கிரீச்சிட்டது. பிள்ளை புரண்டிருப்பான்.

துடைத்துத் துடைத்து ஒருவழியாகக் கண்ணைத் திறந்தபோது தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

துணி வெறுமையாய்த் தொய்ந்திருந்தது.

ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. கண்ணில் நீர். பாதை தெரியவில்லை. ஊருணிக்கரை தெரிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் செவ்வந்தி நின்றாள். வழியைப் பார்த்தபடி. கையில் தம்பி. அவனுக்குத் தண்ணீர் என்றால் குஷி, காலை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

உயிர் வந்தது ராமலெட்சுமிக்கு. தண்ணீரில் இறங்கினாள். மகள் ஓரடி பின்னால் போனாள். இன்னும் ஓரடி வைத்தாள். மகளும் வைத்தாள். தண்ணீர் இப்போது செவ்வந்தியின் நெஞ்சுக்கு வந்திருந்தது. அதற்குப் பின்னால் பள்ளம். ராமலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

"தாயி, தம்பியக் கொண்டா. கருப்பட்டி தாரேன். எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

"காட்டு."

செவ்வந்தி தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதில் கோபம் இருந்தாலும் அழுகை இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மிளகாய் ஏறிச் சிவந்த அந்த இரண்டு வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவசரமே இல்லாமல், சிரிக்கிற பிள்ளையை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினாள்.